வீட்டுக்குள் பூஞ்சை: எதைச் சோதிப்பது, எதை விடுவது?

செவ்வந்தி

படுக்கையறை அலமாரியை நகர்த்தியபோது பின்சுவரில் கருப்பும் சாம்பல் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மொத்தம் ஒரு தலையணை அளவு இருக்கும். அறைக்குள் நுழைந்தாலே ஓத வாடை. பையனுக்கு வீசிங் உண்டு, அதனால் பயமாக இருக்கிறது. இணையத்தில் தேடினால் வட்டத் தட்டு வைத்த கிட் ஒன்று வருகிறது. அறையில் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு மூடி வைக்க வேண்டும், சில நாளில் ஏதாவது முளைத்தால் வீட்டில் பூஞ்சை இருக்கிறது என்று அர்த்தமாம். வாங்கலாமா? இல்லை, ஆள் வரவழைத்துக் காற்றைச் சோதிக்க வேண்டுமா? கருப்பாக இருந்தால் விஷப் பூஞ்சை என்கிறார்களே, அது இதுதானா?

நீரோட்டம்

கிட் வேண்டாம்.

பூஞ்சை வித்து இல்லாத வீடே கிடையாது. ஜன்னல் வழியாக வரும், துணியோடு வரும், செருப்போடும் வரும். அந்தத் தட்டில் ஊற்றியிருப்பது பூஞ்சை விரும்பித் தின்னும் கூழ். எந்த வீட்டில் திறந்து வைத்தாலும் ஏதாவது முளைத்தே தீரும். அதன் மேல் எவ்வளவு காற்று போனது என்பதற்குக் கணக்கு இல்லை. அதனால் நான்கு புள்ளி முளைத்தால் அது அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. கனமான வித்துகள் சீக்கிரம் கீழே விழும், லேசானவை மிதந்துகொண்டே இருக்கும். சில வகைகள் அந்தக் கூழில் வளரவே வளராது. செத்த வித்தும் முளைக்காது, ஆனால் மூக்கில் ஏறித் தும்மல் வரவைக்க அது உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்லை.

உங்களுக்குக் கண்ணால் தெரிகிறது, மூக்குக்கும் தெரிகிறது. பூஞ்சை இருக்கிறதா என்ற கேள்வி அதோடு முடிந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ சொல்வதும் இதுதான்: கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்குப் பெரும்பாலும் மாதிரி எடுக்கத் தேவையில்லை. காற்றில் இத்தனை வித்துக்கு மேல் போனால் ஆபத்து என்று அவர்கள் எல்லை எதுவும் வகுக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றி வழிகாட்டி வெளியிட்டது. அதிலும் அப்படி ஓர் எண் இல்லை, ஈரத்தைத் தடுங்கள், இருப்பதை அகற்றுங்கள் என்றுதான் இருக்கிறது.

நீங்கள் சோதிக்க வேண்டியது தண்ணீரை. சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து சுவரில் படிகிறதா? இதற்கு ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். பூஞ்சைத் திட்டுக்குப் பக்கத்தில் சுத்தமாக இருக்கும் இடமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் 45 செ.மீ. வரும்படி தெளிவான தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உங்களைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்தான் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒட்டடைக்கோல்

டேப் ஒட்டப் போகும் முன் ஒரு நிமிஷம். சோதிக்கிறேன் பேர்வழி என்று நம்மாட்கள் செய்யும் காரியங்கள் இருக்கின்றனவே, பூஞ்சையை விட அதுதான் பயம். நகத்தால் சுரண்டிப் பார்ப்பது, காய்ந்த துடைப்பத்தால் தட்டுவது, மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்வது, சாதாரண வாக்குவம் கிளீனரை வைத்து இழுப்பது. எல்லாமே ஒரு மூலையில் கிடந்ததை வீடு முழுக்கப் பரப்பும் வேலை. அதுவும் காய்ந்த பூஞ்சை லேசில் பறக்கும்.

முதலில் ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். பையன் அந்த அறையில் இருக்கக் கூடாது, அவன் சாமான்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்திவிட்டு வெளிப்பக்க ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். என்95 முகக்கவசம் போடுங்கள், துணி மாஸ்க் உதவாது. முழங்கைக்குப் பாதி தூரம் வரும் ரப்பர் கையுறை. கண்ணுக்குக் காற்றுத் துளை இல்லாத கண்ணாடி. வேலை முடிந்ததும் போட்டிருந்த துணி நேராகத் துவைக்கப் போக வேண்டும், கட்டில் மேல் விழக் கூடாது.

வீசிங் இருப்பவர், நுரையீரல் நோய் உள்ளவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாரும் இதில் கை வைக்க வேண்டாம். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

மாதிரிகளைப் பார்க்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். கருப்புப் பூஞ்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

நிறத்தை வைத்து வகை சொல்ல முடியாது. கிளாடோஸ்போரியம் கருப்பாக இருக்கும், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரும் கருப்புதான், இன்னும் பல இருக்கின்றன. விஷப் பூஞ்சை என்று நீங்கள் நினைக்கும் ஸ்டாக்கிபோட்ரிஸ் தொடர்ந்து நனைந்தே கிடக்கும் காகிதம், அட்டை, ஜிப்சம் போர்டின் மேல்தாள் போன்றவற்றில்தான் சௌகரியமாக வளரும். அதன் பெயர் கெட்டதற்குப் பெரிய காரணம் 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்த சம்பவங்கள். முதலில் இந்தப் பூஞ்சைதான் என்று சொன்னார்கள். பிறகு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தன் ஆய்வையே மறுபடி அலசி, அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று 2000இல் வெளியிட்டது. முதல் செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது பரவவில்லை.

அதற்காக மற்றதெல்லாம் சாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈர வீட்டில் இருமல், மூக்கடைப்பு, வீசிங், ஆஸ்துமா அதிகமாவது நன்றாக உறுதியான விஷயம். எந்த வகையாக இருந்தாலும் அகற்றத்தான் வேண்டும்.

வெண்தாள்

> எந்த வகையாக இருந்தாலும் அகற்றத்தான் வேண்டும்.

இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எதிரி யார் என்றே தெரியாமல் எப்படிச் சண்டை போடுவது? வகை தெரிந்தால் மருத்துவர் ஒவ்வாமைப் பரிசோதனையில் அதையே தேடலாமே. ஆய்வகத்தில் வேலை பார்ப்பவரே சோதனை வேண்டாம் என்றால் என்ன சொல்வது!

நுண்ணோக்கி

நியாயமான கேள்வி. மருத்துவர் குறிப்பாகக் கேட்டால் எடுக்கலாம், ஆட்சேபமே இல்லை. ஆனால் வழக்கமாக அவர்கள் வீட்டிலிருந்து சீட்டு வராமலே, பொதுவாகத் தொல்லை தரும் சில பூஞ்சைகளுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துவிடுவார்கள். சுவரில் என்ன பெயர் இருந்தாலும் அகற்றும் முறை மாறாது: ஈரத்தை நிறுத்து, கழுவு, காய வை, கழுவ முடியாததைத் தூக்கிப் போடு. எந்தச் சோதனைக்கும் முன்னால் நான் கேட்பது ஒன்றுதான். முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் பணத்தை ஒழுகும் குழாய்க்குச் செலவழியுங்கள். என் முதலாளி இந்தத் தளத்துக்கு வருவதில்லை என்று நம்புகிறேன்.

செவ்வந்தி

தாள் ஒட்டிப் பார்த்தேன். காலையில் என் பக்கம்தான் பனித்திருந்தது, சுவர்ப் பக்கம் காய்ந்திருக்கிறது. ஆனால் குழப்பம் என்னவென்றால், சுவரில் தண்ணீர் வழிந்து நான் பார்த்ததே இல்லை. கையை வைத்தால்கூட ஈரம் தெரியாது. அப்புறம் எப்படிப் பூஞ்சை?

நீரோட்டம்

தண்ணீர் வழிய வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80% அளவில் தொடர்ந்து இருந்தாலே பல வகைகளுக்குப் போதும்.

கணக்கைப் பாருங்கள். அறைக் காற்று 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70% என்று வைப்போம். அந்தக் காற்று 19 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நீர்த்துளி விடும். ஆனால் சுவர் 23 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80% ஆகிவிடும். காற்றுக்கும் சுவருக்கும் இரண்டரை டிகிரி வித்தியாசம் கூட இல்லை! அலமாரிக்குப் பின்னால் காற்று ஓடாது, அறையின் சூடும் அங்கே எட்டாது, வெளிச்சுவர் என்றால் இன்னும் குளிர்ந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் ஏசி ஓடினாலும் இதே கதைதான். உங்கள் தாளின் மேல் நீரே படிந்திருக்கிறது என்றால் ராத்திரியில் நிலைமை இதை விட மோசம்.

காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஹைக்ரோமீட்டர் இரண்டு வாங்கி அலமாரிக்குப் பின்னால் ஒன்று, அறை நடுவில் ஒன்று என்று வையுங்கள். 60%க்குக் கீழே இருக்க வேண்டும், 30 முதல் 50 வரை இருந்தால் உத்தமம். மலிவான கருவி தப்பாகக் காட்டும், அதனால் முதலில் அதையே சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பை எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, உப்பு முழுக்கக் கரைந்துவிடாமல் ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மூடியையும் கருவியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து இறுக்க மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு ராத்திரி விடுங்கள். உப்புக்கரைசலுக்கு மேலே நிற்கும் காற்று 75%இல் நிலைக்கும். கருவி 69 காட்டினால் ஆறு குறைவாகக் காட்டுகிறது என்று பின்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மொட்டைமாடி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினை இதற்கு நேர் எதிர். கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, வாடை மட்டும் இருக்கிறது. குளியலறைக்குப் பக்கத்து அறை. வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் குப்பென்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ இருக்கிறது. இங்கே காற்றுச் சோதனை எடுக்கலாமா?

நீரோட்டம்

அந்த வெள்ளை பூஞ்சையா என்று முதலில் பாருங்கள். தெளிப்பானில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மென்மையாக நனையுங்கள். கரைந்து காணாமல் போனால் அது உப்புப் பூத்தது. நசுங்கிப் படிந்துவிட்டால் பூஞ்சையாக இருக்கலாம். உப்பாக இருந்தால் நிம்மதி என்று விட்டுவிடாதீர்கள், தண்ணீர் அந்தச் சுவர் வழியாக வந்து ஆவியாகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்தது வாட்டர் மீட்டர். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி பாருங்கள். நகர்ந்திருந்தால் அழுத்தமுள்ள குழாய் எங்கோ கசிகிறது (கழிப்பறைத் தொட்டி ஒழுகினாலும் நகரும், அதையும் பார்த்துவிடுங்கள்). நகராவிட்டால் கழிவுநீர்க் குழாய் மீதும் டைல்ஸ் இடுக்கு மீதும் சந்தேகம். குளியலறைத் தரையின் வடிகாலை அடைத்து, ஒரு விரல் உயரம் தண்ணீர் நிறுத்தி, மறுபக்கச் சுவரைக் கவனியுங்கள்.

கவனிப்பதற்கு ஊசி வைத்த ஈரமானி நல்லது. ஆனால் அதன் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலானவை மரத்துக்காக அளவிடப்பட்டவை. மரத்தில் 20%க்கு மேல் காட்டினால் கவலைப்பட வேண்டும். சிமெண்ட் சுவரில் அதே எண்ணுக்கு அர்த்தம் கிடையாது, ஒப்பிட மட்டும்தான் உதவும். நன்றாகக் காய்ந்திருக்கும் வேறொரு சுவரில் முதலில் வைத்துப் பாருங்கள், பிறகு சந்தேகச் சுவரில் தரையிலிருந்து மேலே ஒரு சாண் விட்டு ஒரு சாண் போங்கள். எண் எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது என்ற வடிவம்தான் முக்கியம். உப்புப் பூத்த இடத்தில் ஊசி வைத்தால் காய்ந்த சுவரையும் ஈரம் என்று சொல்லிவிடும்.

வெப்பப் படக் கேமரா வைத்திருப்பவர் வந்து நீலத் திட்டைக் காட்டி இதுதான் பூஞ்சை என்று சொன்னால் வழியனுப்பிவிடுங்கள். அது குளிர்ந்த இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். ஈரம் ஆவியாகும்போது சுவர் குளிரும் என்பதால் தேடும் இடத்தைக் குறுக்க உதவும். உறுதிப்படுத்துவது ஈரமானியால்.

ஒட்டடைக்கோல்

சுவரை உடைப்பதற்கு முன் ஏசியின் வடிநீர்த் தட்டு, வாஷிங் மெஷின் கதவு ரப்பர் மடிப்பு, ஃப்ரிட்ஜின் பின்தட்டு, சிங்க் அலமாரியின் பின்பலகை, மெத்தையின் அடிப்பக்கம் இவற்றைப் பார்த்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்து அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத மெல்லிய படலம் அந்தக் கோணத்தில் ரோமம் மாதிரி எழுந்து நிற்கும். இருண்ட நிற மரச்சாமானில் இது நன்றாகவே தெரியும்.

துளை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே மின்கம்பி எங்கே போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு. பழைய கட்டிடமென்றால் ஆஸ்பெஸ்டாஸ் பலகையோ ஈயம் கலந்த பெயின்டோ இருக்க வாய்ப்புண்டு, அதைத் துளைக்கும் தூசி பூஞ்சையை விடக் கெட்டது. சந்தேகம் இருந்தால் துளைக்க வேண்டாம்.

நுண்ணோக்கி

மொட்டைமாடி, ஈரம் இருக்கும் இடம் கிடைக்காமல் வாடை மட்டும் தொடர்ந்தால் அப்போது காற்று மாதிரிக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. என்ன வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள்.

சிறிய பெட்டி மாதிரி ஒரு வில்லை, அதற்குள் பசை தடவிய கண்ணாடி, அதன் வழியாகக் காற்றை இழுக்கும் பம்பு. நிமிஷத்துக்கு 15 லிட்டர் வீதம் 5 நிமிஷம் என்பது வழக்கம், அதாவது 75 லிட்டர் காற்று. கண்ணாடியில் விழுந்த வித்துகளை எண்ணி ஒரு கன மீட்டருக்கு என்று பெருக்கி எழுதுகிறோம். கன மீட்டர் 1000 லிட்டர். ஆக நான் கண்ணாடி முழுவதிலும் ஒரே ஒரு வித்தைப் பார்த்திருந்தால் அறிக்கையில் 13 என்று அச்சாகும். மூன்று பார்த்தால் 40. அந்த 40ஐப் பார்த்துவிட்டு இரவு தூங்காமல் தொலைபேசி செய்பவர்கள் உண்டு.

வெளிக்காற்றிலும் அதே நாள், அதே நேரம் ஒரு மாதிரி எடுக்காமல் வந்த அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். உள்ளே 800 என்பது வெளியே 3,000 இருக்கும் நாளில் ஒரு பொருட்டே இல்லை. வெளியே இல்லாத ஒரு வகை உள்ளே குவிந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் வித்தும் பெனிசிலியம் வித்தும் இந்த முறையில் பிரித்தறிய முடியாது, ஒன்றாகத்தான் எழுதுவோம். ஸ்டாக்கிபோட்ரிஸ் வித்து பசையோடு இருப்பதால் லேசில் காற்றில் எழாது, சுவரில் இருந்தும் மாதிரியில் வராமல் போகலாம். போதாததற்குக் காற்றில் எண்ணிக்கை மணிக்கு மணி மாறும், ஒருவர் கம்பளத்தில் நடந்தால் ஏறும். எனவே சுத்தம் என்று வந்த ஒரு அறிக்கையால் வாடை பொய்யாகிவிடாது.

தூசியிலிருந்து 36 வகைகளின் மரபணுவைத் தேடி ஒரே மதிப்பெண்ணாகத் தரும் இஆர்எம்ஐ என்ற சோதனையும் விற்கிறார்கள். அதை உருவாக்கிய இபிஏவே, அது ஆராய்ச்சிக்கான கருவி, வீடுகளுக்கு வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை என்கிறது.

வெண்தாள்

சரி, 13 கதையைக் கேட்டதும் பாதி மாறிவிட்டேன். மீதிப் பாதி: எந்த நிலையில்தான் ஆய்வகத்துக்கு அனுப்புவீர்கள்? எனக்கு வாடகை வீடு. சுவரில் இருப்பது வெறும் அழுக்கு என்று வீட்டுக்காரர் சாதிக்கிறார். மனைவி சிறுநீரில் பூஞ்சை நச்சு பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்றும் கேட்கிறார்.

நுண்ணோக்கி

உங்கள் நிலைமைக்குத்தான் சோதனை. முடிவு ஏதோ ஒன்றை மாற்றப் போகிறது.

முதலில் வீட்டிலேயே: வெந்நீர் வேண்டாம், சோப்பு வேண்டாம், ப்ளீச் ஒரு சொட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஓரத்தில் வையுங்கள். ஓரிரு நிமிஷத்தில் அந்த இடம் வெளுத்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம், கருப்பாகவே நின்றால் கரி அல்லது அழுக்கு. ஜன்னல் திறந்திருக்கட்டும், ப்ளீச்சோடு அம்மோனியா உள்ள திரவமோ வினிகர் போன்ற அமிலமோ எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது, விஷவாயு கிளம்பும். இது குறிப்பு மட்டுமே, வீட்டுக்காரரிடம் ஆதாரமாகாது.

ஆதாரத்துக்கு டேப் மாதிரி. தெளிவான செலோடேப்பை விளிம்பில் மட்டும் பிடித்து, ப்ளீச் படாத திட்டின் மேல் ஒரே தடவை மென்மையாக அழுத்தி, நேராகத் தூக்கி, சுத்தமான ஜிப் பையின் உட்பக்கத்தில் ஒட்டி மூடுங்கள். தேய்க்கக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் இதற்கும் உண்டு. நுண்ணோக்கியில் வித்துகள் மட்டும் இருந்தால் தூசியோடு வந்து விழுந்ததாக இருக்கலாம். பூஞ்சை இழைகளும் வித்துத் தண்டுகளும் சேர்ந்து தெரிந்தால் அது அங்கேயே வளர்கிறது. அந்த ஒரு வாக்கியம் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தகராறு பெரிதாகும் என்று தோன்றினால் மாதிரியை நீங்கள் எடுக்காதீர்கள். இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் எடுக்கட்டும், அவர் பூஞ்சை அகற்றும் வேலையையும் செய்பவராக இருக்கக் கூடாது. சோதிப்பவரே சுத்தம் செய்யவும் ஒப்பந்தம் நீட்டினால் அவர் கண்ணுக்கு எல்லாச் சுவரும் கருப்பாகத்தான் தெரியும். அளவுகோல் வைத்துத் தேதியோடு படங்கள், ஹைக்ரோமீட்டர் எண்கள், கசிவை எழுத்தில் தெரிவித்த நாள் இவையும் கூடவே இருக்கட்டும்.

சிறுநீர்ப் பரிசோதனை வேண்டாம். அதன் முடிவை வீட்டுப் பூஞ்சையோடு முடிச்சுப் போட முடியாது என்பதால் சிடிசி அதைப் பரிந்துரைப்பதில்லை. இருமலும் மூச்சுத் திணறலும் இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் வீட்டில் ஈரம் இருக்கிறது என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

செவ்வந்தி

எனக்குக் கடைசிக் கேள்வி. அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துவிட்டேன், ஈரப்பதம் இறங்குகிறது. திட்டை நானே கழுவலாமா? அலமாரியின் பின்பலகையிலும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பழைய மெத்தையும் இருக்கிறது.

ஒட்டடைக்கோல்

தலையணை அளவுதானே, கழுவலாம். மூன்று அடிக்கு மூன்று அடி, அதாவது கிட்டத்தட்ட 10 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டில் குடியிருப்பவரே செய்யலாம் என்பதுதான் இபிஏ கணக்கு. முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு, ஈரத் துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடையுங்கள். துணியைப் பையில் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட். பூஞ்சை மேலேயே அடித்தால் உரிந்து வரும்.

பின்பலகை பூச்சு உள்ள மரமானால் துடைத்துக் காயவைக்கலாம், உப்பிப்போன அட்டைப் பலகையானால் மாற்றிவிடுங்கள். மெத்தையில் புள்ளி தெரிந்தால் வைத்துக்கொள்ள வேண்டாம், உள்ளே போனதைக் கழுவ வழியில்லை. பெரிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி டேப் ஒட்டிவிட்டு அப்புறம் அறையிலிருந்து எடுங்கள், திறந்தபடி கூடம் வழியாக இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.